மைக்செட் ராமராஜன் வாய் மூடிய வைகாசி

சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் எப்போது வெளியே வருவார் என்று கோயில் வாசலில் விசாரிப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்கள் விசாரிப்பதில்லை. பாயில் படுத்தபடியே காதைக் கொடுத்தால் போதும், ராமராஜன் சொல்லிவிடுவான்.

கங்கையம்மன் சவுண்ட் சர்வீஸ் என்ற பெயரில் அவனுக்குச் சில புனல் ஸ்பீக்கர்கள், ஒரு ஆம்ப்ளிஃபயர், கொஞ்சம் சீரியல் பல்பு, இவை எல்லாவற்றையும்விட உரத்த ஒரு தொண்டை ஆகியவை சொந்தமாக இருந்தன. மைக்செட் வைத்திருப்பவர்கள் ஊரில் பலர். செட்டோடு சேர்த்து வாயையும் வாடகைக்கு விட்டவன் அவன் ஒருவன்தான். கருட சேவைக்குச் சன்னதித் தெரு நீர்மோர்ப் பந்தலில் அவன் குரல். மாதா கோயில் தேருக்கும் அவன் குரல். கட்சிக் கூட்டம் என்றால், எந்தக் கட்சியானாலும், அவன் குரல். "பெரியோர்களே, தாய்மார்களே, இதோ வந்துகொண்டே இருக்கிறார்!" என்ற வாக்கியம் எல்லாருக்கும் பொது. வருகிறவர் பெருமாளா, மாதாவா, மாவட்டச் செயலாளரா என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. மூவரில் மாவட்டச் செயலாளர் மட்டும் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்.

வீட்டிலும் அதே குரல்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டால் எதிர்வீட்டுக்காரி சொம்போடு எட்டிப் பார்ப்பாள். அவன் மனைவி கலையரசிக்குப் பட்டுப்புடவைக் கடையில் வேலை. நாளெல்லாம் பாயில் உட்கார்ந்து, "மேடம், இந்த பார்டர் கொஞ்சம் ரிச்சா இருக்கும் மேடம்" என்று பூவைத் தொடுவது போலப் பேசிவிட்டு வருகிறவள். வீட்டுக்குள் நுழைந்தால் பொதுக்கூட்டம்.

"யோவ், எனக்குக் காது நல்லாத்தான்யா இருக்குது! மெதுவா பேசேன்!" என்று கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லி வந்தாள். அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பங்குனியில் அவன் குரல் கரகரத்தது. மிளகுப் பாலும் பனங்கற்கண்டும் சாப்பிட்டான். சித்திரையில் ஒரு கட்சிக் கூட்டத்தில் "அஞ்சா நெஞ்சன்" என்று எடுத்தான். 'அஞ்சா' வந்தது, நெஞ்சன் வரவில்லை. கூட்டம் சிரித்தது. மேடையிலிருந்த தலைவரும் சிரித்தார், வேறு வழியில்லாமல். அதன் பிறகுதான் கலையரசி அவனைச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், குரல் நாணில் ஒரு சின்ன வளர்ச்சி இருக்கிறது என்றார். அறுத்து எடுத்தார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

"ரிசல்ட் வரட்டும். நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு தெரியணும். அது வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூட."

வெளியே வரும்போது வராந்தாவில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. துணி விலகியபோது தொண்டைக்குழியில் ஒரு ஓட்டை தெரிந்தது. அவர் ஏதோ சொல்ல முயன்றார். ஓட்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. ராமராஜன் காஞ்சிபுரம் வரும்வரை பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். வெளியே என்ன இருந்தது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது.

பேச முடியாதவனுக்கு உதவியாக அக்கா மகள் கீர்த்தி அவன் செல்போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். எழுதினால் போதும், உள்ளிருந்து ஒரு பெண் படித்துச் சொல்லுவாள். நல்ல குரல். செய்தி வாசிப்பது போல ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு விடுவாள்.

முதல் நாள் சாப்பாட்டில் அவள் வாய் திறந்தாள். "எனக்கு. ரசம். போதும்."

கலையரசி கரண்டியைக் கீழே வைத்தாள். "யாருயா இவ, என் வூட்டுக்கு வந்து ரசம் போதும்னு சொல்றதுக்கு?"

"நான். ராமராஜன்."

"நல்லாருக்குது. இத்தினி வருசத்துல எங்கிட்ட ஒரு நாளாவது இவ்ளோ மரியாதையா பேசியிருப்பியாயா நீ?"

பேச முடியாதவன் வீட்டில் இருக்கிறான் என்ற செய்தி பரவியதும் ஊரில் பேசத் தெரிந்தவர்கள் எல்லாரும் புறப்பட்டு வந்தார்கள். எதிர்த்துப் பேசாத ஒரு காது கிடைப்பது அவ்வளவு அபூர்வம்.

முதலில் வந்தவர் ராஜகோபால். முன்னாள் கவுன்சிலர், இந்நாள் நீர்மோர்ப் பந்தல் கமிட்டித் தலைவர், எந்நாளும் 'ஆன்மிகச் சுடர்'. அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்த அமைப்புக்கும் அவரே தலைவர் என்பதால் தேர்வில் குழப்பம் எதுவும் நேரவில்லை. கையில் ஒரு பொன்னாடை, பின்னால் ஒரு போட்டோகிராபர். பாயில் கிடந்தவனை எழுப்பி உட்காரவைத்துப் போர்த்திப் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் நோய் என்னவென்று கேட்டார்.

"இது நோவு இல்லபா. வாக்கு தோஷம்! கண்ட கட்சிக்கும் மைக்ல பேசினே பாரு, அது தொண்டையில வந்து ஒக்காந்துக்கினு இருக்குது."

ராமராஜன் போனில் தட்டினான். "உங்கள். கட்சிக்கும். பேசினேன். தலைவரே" என்றாள் அவள், தேன் ஒழுக.

தலைவருக்குக் கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. "யாருபா அந்தம்மா? நல்லா பேசுறாங்க. நம்ம கமிட்டிக்கு வருவாங்களா?"

அடுத்து வந்தவர் குரு, மன அமைதிப் பயிற்சியாளர். பெற்றோர் வைத்த பெயரே அதுதான். பாவம், அதற்கேற்ற தொழிலைத் தேடிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவருக்கு. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவர் விளக்கு வைக்கும்வரை மௌனத்தின் பெருமையைப் பேசினார்.

"மௌனம்ங்கறது ஒரு பவர் சார். நம்ம எனர்ஜில பாதி வாய் வழியாத்தான் லீக் ஆகுது. நீங்க லக்கி சார்!"

கலையரசி கடையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, காபி போட்டுக் கொடுக்கும் வரையிலும் அது லீக் ஆகிக்கொண்டே இருந்தது.

"சாரு, உங்களுக்கு வூட்ல யாரும் பேச மாட்டாங்களா?" என்று அவள் கேட்ட பிறகுதான் எழுந்தார். வாசலில் நின்று ஆன்லைன் வகுப்பு பற்றி ஒரு பத்தி பேசிவிட்டுப் போனார்.

ஆனந்தராஜ் வேறு மாதிரி. ராமராஜனின் மாமன் மகன். அவர்கள் பக்கம் தாத்தா காலத்திலேயே வேதத்துக்குப் போய்க் கிறிஸ்தவர்களானவர்கள். சவுண்ட் சர்வீஸில் ஆம்ப்ளிஃபயர் அவன் பொறுப்பு. ராமராஜன் முன்னால் நின்று பேசுவான், ஆனந்தராஜ் பின்னால் உட்கார்ந்து குமிழைத் திருகுவான். இத்தனை வருஷத் தொழிலில் மைக்கில் அவன் பேசியது "அலோ, அலோ, செக்" மட்டும். அவன் ஜெபக் குழுவைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஊமையின் நாவைக் கட்டவிழ்க்கும்படி அவர்கள் எழுப்பிய கூக்குரலில் தெருநாய்கள் இடம் மாறின.

போகும்போது ஆனந்தராஜ் மெதுவாகச் சொன்னான். "மச்சான், சத்தமா ஜெபிச்சாத்தான் மேல கேக்கும்னு கெடையாது. அது எனக்குத் தெரியும், நான் ஆம்ப்ளிஃபயர்காரன். ஆனா பாஸ்டரு ஒத்துக்க மாட்டாரு."

கலையரசி தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தாள். வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டால் எப்பேர்ப்பட்ட நோயும் போகும் என்று நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் பஸ் பிடித்து வருகிறார்கள். அவளும் வாடிக்கையாளர்களுக்கு வழி சொல்லியிருக்கிறாள்: "நேரா போயி லெஃப்ட்ல மேடம்." இவனைக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் நேராகப் போய் லெஃப்டில் எதுவும் இல்லை என்று தெரிந்தது. பிறந்ததிலிருந்து கோபுரத்து நிழலில் இருக்கிறவர்கள், கடப்பாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம் கேட்டு வரிசையில் நின்றார்கள். ஏணி மாதிரிப் படிக்கட்டில் ஏறி, கையை மேலே நீட்டி, பல்லியைத் தொட்டான். முதுகில் யாரோ தள்ளினார்கள். அதற்குள் முடிந்துவிட்டது.

"எதனா தெரியுதாயா?" என்றாள் வெளியே வந்து.

"கை. வலிக்கிறது" என்றாள் போன்காரி.

ஆனால் ராமராஜனுக்கு உண்மையில் எங்கே வலித்தது என்பது போன்காரிக்குத் தெரியாது. அவளிடம் அவன் அதை எழுதவில்லை. கண்ணை மூடினால் அந்த வராந்தாவும் வெள்ளைத் துணியும் வந்தன. தூக்கம் போய்விட்டது. தொண்டையில் ஓட்டை போட்டுவிட்டால் நான் யார் என்று ஒரு கேள்வி. ஸ்பீக்கரை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு விடலாம். ஓட்டையிலிருந்து வரும் காற்றை யார் வாடகைக்கு எடுப்பார்கள்?

சாமியிடம் கேட்கலாம் என்று உட்கார்ந்தான். அங்கேதான் ஒரு சிக்கல் இருந்தது. கண்ணை மூடி மனதுக்குள் ஆரம்பித்தால், "பக்தகோடிகளே!" என்று வந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தால், "எம்பெருமான் வரதராஜனின் பேரருளைப் பெற்றிட அலைகடலெனத் திரண்டு வாரீர்" என்று வந்தது. மூன்றாவது தடவை, காணாமல் போன பச்சை நிறச் சட்டைக் குழந்தை ஒன்று பந்தலில் அழுதுகொண்டிருப்பதாக வந்தது. இத்தனை காலம் சாமியைப் பற்றி ஊருக்குச் சொல்லியிருக்கிறானே தவிர, சாமியிடம் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. வாங்க என்பதா, வா என்பதா?

இந்த நிலையில்தான் வைகாசித் திருவிழா வந்தது. கொடி ஏறியது. மூன்றாம் நாள் கருட சேவை, பெருமாள் கருடன் மேல் ஏறி வரும் நாள்.

பந்தலுக்கு ஸ்பீக்கர் கட்டுவது எப்போதும் போல ராமராஜன் செட்தான். ஆனந்தராஜ் வந்து எடுத்துப் போனான். மைக்கில் யார் பேசுவது என்ற கேள்விக்குக் கமிட்டித் தலைவர் பலரையும் பரிசீலித்து, இறுதியில் கமிட்டித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்.

"நீ போவக் கூடாது" என்றாள் கலையரசி. "தூசி, கூட்டம். மைக்கப் பாத்தா உனக்கு வாய் தானா தொறந்துக்கும். டாக்டரு இன்னா சொன்னாரு?"

போன்காரி ஏதோ வாதாட ஆரம்பித்தாள். "அவள கம்முனு இருக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, கலையரசி அவனுடைய சட்டை அத்தனையையும் வாளியில் ஊறப்போட்டாள். ஒன்றும் அழுக்கில்லை. இரண்டு இஸ்திரி போட்டவை.

விடிகிற நேரம். பனியனோடு ராமராஜன் மொட்டை மாடியில் நின்றான். அங்கிருந்து ராஜகோபுரத்தின் மேல் பாதி தெரியும்; பெருமாள் வரும் வாசல் தெரியாது. பக்கத்தில் கலையரசி, ஊறிய சட்டைகளைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. கீழே தெருவில் ஜனம் ஓடுகிற சத்தம். அதற்கு மேலே, அவனுடைய சொந்த ஸ்பீக்கரிலிருந்து, ராஜகோபால்.

"...இந்தப் பந்தலை ஆண்டுதோறும் சிறப்பாக நடத்திவரும், ஏழை எளிய மக்களின் தோழன், ஆன்மிகச் சுடர் ராஜகோபால் ஆகிய நான்..."

"பெருமாளப் பத்தி எப்பயா சொல்லுவாரு?" என்றாள் கலையரசி.

ராமராஜன் கையை விரித்தான்.

மேளம் நெருங்கியது. கூட்டத்தின் இரைச்சல் எழுந்து, ஒரே மூச்சாகி, "வரதா!" என்றது. கோபுர வாசலுக்குக் கருடன் வந்துவிட்டது என்று அர்த்தம். ராமராஜனுக்குக் கால் பரபரத்தது. இந்தக் கட்டத்தில் அவன் மைக்கில் இல்லாமல் இருந்ததே இல்லை.

சரியாக அப்போது ஸ்பீக்கர் அலறியது. "யோவ்! யாருயா அது, குடைய குறுக்கப் புடிக்கிறது? பின்னாடி இத்தினி ஜனம் நின்னுக்கினு இருக்குது, சாமிய மறைக்கிறியே, அறிவு இருக்குதா? குடைய எடு! அலோ, குடை! ஒன்னத்தான்பா! போலீஸ் நண்பர்கள் உடனடியாகக் கவனிக்கவும்! குடையை அப்புறப்படுத்தவும்!"

விஷயம் தெரியாதவர்களுக்கு: கருட சேவை அன்று பெருமாள் கோபுர வாசலில் வந்து நின்றதும், குடைகளைத் தாழ்த்திக் கொஞ்ச நேரம் அவரை மறைப்பார்கள். பிறகு திறப்பார்கள். காலம் காலமாக நடப்பது. காஞ்சிபுரத்தில் வயிற்றுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆன்மிகச் சுடருக்கு மட்டும் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அவர் வருஷா வருஷம் விடிந்து, குளித்து, நாஷ்டா முடித்து, சாமி ஊருக்குள் நாலு தெரு தாண்டிய பிறகு வந்து மாலை வாங்கிக்கொள்கிறவர். கோபுர வாசலை அந்த நேரத்தில் அவர் பார்த்ததே அன்றுதான்.

கீழே சிரிப்பும் கூச்சலும் ஒன்றாக எழுந்தன. "யாருடா மைக்ல?" என்று ஒருவன். "தலைவா, நீ எறங்கு!" என்று இன்னொருவன். தலைவர் விடவில்லை. "அடையாளம் தெரியாத நபர்கள் குடையுடன்..." என்று ஆரம்பித்தார். படக் என்று ஒரு சத்தம். ஒயரை யாரோ பிடுங்கிவிட்டார்கள்.

மாடியில் ராமராஜன் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். சத்தமே இல்லாமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. கலையரசி ஈரச்சட்டையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு ஸ்பீக்கர் கொரகொரத்தது. "அலோ, அலோ, செக்" என்றது ஒரு குரல். ஆனந்தராஜ்.

"அ... பெரியோர்களே, தாய்மார்களே. குடையப் பாத்து யாரும் கோச்சுக்காதீங்கபா. அது மழைக்கு இல்ல, வெயிலுக்கும் இல்ல. எங்க ராமராஜன் மச்சான் வருசா வருசம் சொல்லுவான், நான் பின்னாடி ஒக்காந்து கேட்டுக்கினு இருப்பேன். அவன் மாரி எனக்குச் சொல்ல வராது. சோளிங்கர்ல தொட்டாச்சாரியாருன்னு ஒருத்தரு இருந்தாராம். வருசா வருசம் இந்தக் கருட சேவைக்கு வந்துடுவாராம். ஒரு வருசம் ஒடம்பு முடியல. வர முடியல. அங்கயே கொளத்தாண்ட நின்னுக்கினு, 'இந்நேரம் வாசலாண்ட வந்திருப்பியே, நான் பாக்க முடியலியே'ன்னு அழுதாராம். அப்போ கர்த்தர்..."

ஸ்பீக்கர் ஒரு கணம் திகைத்தது. தெருவும் திகைத்தது.

"...மன்னிச்சுக்கோங்க, பெருமாளு. அப்போ பெருமாளு இன்னா நெனச்சாரு? இங்க இவ்ளோ ஜனம் இருக்குது. இவங்க பாத்துக்கினுதான் இருக்கறாங்க. வர முடியாதவன் ஒருத்தன் அங்க நின்னுக்கினு இருக்கறானேன்னு, அப்படியே கருடன் மேல கெளம்பி அவருகிட்ட போயிட்டாரு. அத்தாலதான்பா குடை. இப்போ சாமி இங்க இல்ல. வர முடியாதவங்களப் பாக்கப் போயிருக்காரு. வந்துடுவாரு. தள்ளாம இருங்க."

இந்தக் கதையை ராமராஜன் வருஷம் தவறாமல் சொல்லியிருக்கிறான். காணாமல் போன குழந்தைக்கும், கீழே கிடந்த மணிபர்ஸுக்கும் நடுவில், அதே மூச்சில். சொல்லும்போது ஒரு கண் கூட்டத்தின் மேலும் ஒரு கண் ஆம்ப்ளிஃபயர் மேலும் இருக்கும். கேட்டதில்லை. மைக்கின் பின்னால் நிற்கிறவனுக்குத் தன் ஸ்பீக்கர் கேட்காது. அது எப்போதும் அடுத்தவர்களைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும்.

இன்றைக்கு அது அவனைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. பனியனும் லுங்கியுமாக, ஈரச்சட்டைகளின் நடுவில் நின்றான். கோபுரத்தின் மேல் பாதியில் வெளிச்சம் விழ ஆரம்பித்திருந்தது. கும்பிடலாமென்று கையைத் தூக்கினான். பெரியோர்களே தாய்மார்களே வரவில்லை. அலைகடலெனத் திரளவில்லை. "வந்துட்டியா" என்று மட்டும் உள்ளே வந்தது. அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கட்டி நல்லதா கெட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிற்கவைத்துக் குறை சொல்லுவானேன்?

ஒளியைக் கண்டான், உடம்பு சிலிர்த்தது, அசரீரி கேட்டது என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காக்கா வந்து கொடியில் உட்கார்ந்து, கலையரசி விரட்டியதும் போனது. ஆனால் வராந்தாவில் பார்த்த அந்த மனிதர், இத்தனை நாளாக நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தவர், எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். அவரோடு சேர்ந்து மூச்சு விட முடிந்தது.

தலைவர் கிளப்பிய குழப்பத்தில் குடை பிடித்தவர்கள் அன்று வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் பிடித்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். ஆக, பெருமாளுக்கு வெளியூர் வேலைக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைத்தது. ராஜகோபாலின் பொதுவாழ்வில் சாமிக்குப் பயன்பட்ட ஒரே பணி அதுதான்.

"வரதா!" என்று கூட்டம் மறுபடி அதிர்ந்தது. குடை உயர்ந்துவிட்டது.

ராமராஜன் கீழே இறங்கினான். பாயை உதறினான். படுத்தான். மத்தியானம் வரை தூங்கினான். குறட்டை மட்டும் பழைய சத்தத்தில் இருந்ததைக் கண்ட கலையரசி, ஜன்னலைச் சாத்திவிட்டுக் கடைக்குப் போனாள்.

மறுநாள் ஊரில் போஸ்டர்கள் முளைத்தன. 'குடை மறைப்பின் தத்துவத்தை மக்களே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வண்ணம் நாடகமாடி உணர்த்திய ஆன்மிகச் சுடருக்கு நன்றி! இவண்: ஆன்மிகச் சுடர் பேரவை.' பேரவைத் தலைவர் யார் என்று இனிமேல் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். சென்னை பஸ்ஸில் ராமராஜன் சுங்குவார்சத்திரம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான். கலையரசி தூங்கவில்லை. வராந்தாவில் டோக்கனை வாங்கி, அது சுருளாகும்வரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த பல் செட் விளம்பரத்தை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ், உனக்குப் பயமே இல்லையாயா?"

இல்லை என்று தலையாட்டினான். பிறகு யோசித்து, இருக்கிறது என்று ஆட்டினான். பிறகு போனை எடுத்தான்.

"இருக்கிறது. அது. பாட்டுக்கு. இருக்கிறது."

"ஆமா, உனக்கு இன்னா? சாமி வூட்டாண்ட வந்து பாத்துட்டுப் போனாருன்னு அன்னிக்கே எழுதிக் காட்டிட்டே. எனக்கு எவன் வந்தான்? கடையில போயி சிரிச்சிக்கினு புடவை விரிக்கிறேன், உள்ள எனக்குப் பதறிக்கினு இருக்குது. எவனாச்சும் ஒரு பொன்னாடை போட்டானா எனக்கு?"

அவன் அவளைப் பார்த்தான். தட்டினான். போன்காரி வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "நீயும். பக்கத்தில்தான். நின்றாய்."

கலையரசி மூக்கை உறிஞ்சினாள்.

"நான் துணி புழிஞ்சிக்கினு இருந்தேன்யா. சாமி மேல தண்ணி தெறிச்சிருக்கும்."

"குளிர்ச்சியாக. இருந்திருக்கும். வெயில். காலம்."

"சீ, வாய மூடுடீ" என்றாள் போனைப் பார்த்து. ஆனால் சிரித்துவிட்டாள். டோக்கன் இருந்த கையை அவன் கைக்குள் வைத்தாள். பேர் கூப்பிடும்வரை எடுக்கவில்லை.

டாக்டர் காகிதத்தை ஒரு தடவை பார்த்தார். சுற்றி வளைக்காதவர்.

"கெட்ட கட்டிதான். ஆனா ரொம்ப ஆரம்பம். நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. ரேடியேஷன் குடுத்தா சரியாயிடும். ஓட்டை கீட்டை எதுவும் போட வேண்டியதில்ல."

கலையரசி மேசையைப் பிடித்துக்கொண்டாள். "குரலு, டாக்டர்?"

"குரல் இருக்கும்மா. பேசலாம். ஆனா பழைய மாதிரி மைக்ல கத்துற வேலை இனிமே வேணாம். சத்தம் வராது, வரவும் வைக்கக் கூடாது. மெதுவா, வீட்ல பேசற மாதிரி பேசலாம்."

"எங்க வூட்ல எப்படிப் பேசுவாருன்னு உங்களுக்குத் தெரியாது டாக்டர்" என்றவள், சட்டென்று அழ ஆரம்பித்தாள். "நான்தான் டாக்டர் வேண்டிக்கினேன். இந்த மனுசன் கத்தாம பேசணும்னு எல்லா சாமிகிட்டயும் வேண்டிக்கினேன். இப்படிச் செய்வாங்கன்னு யாரு கண்டா?"

இந்த வகை நோய்க் காரணம் டாக்டரின் படிப்பில் இல்லை. அவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு ராமராஜனிடம் திரும்பினார்.

"சரி, இப்போ மெதுவா ஒரு ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்க. அழுத்தாதீங்க. வர்ற வரைக்கும் வரட்டும்."

ராமராஜன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். எச்சில் விழுங்கினான். டாக்டரைப் பார்த்துப் பேச வேண்டியவன், நாற்காலியோடு கலையரசி பக்கம் திரும்பினான். வாய் அசைந்தது. உலர்ந்த இலை தரையில் உரசுவது போல ஏதோ வந்தது.

"இன்னா?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. கேட்கவில்லை. கல்யாணமானதிலிருந்து அவன் சொன்னது அவளுக்குக் கேட்காமல் போனதில்லை. குனிந்து, காதை அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் மறுபடி சொன்னான்.

அவள் நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன சொன்னார்? தெளிவா கேட்டுதா?" என்றார் டாக்டர், குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்து.

"கேட்டுச்சு டாக்டர். ஒண்ணும் இல்ல."

ராமராஜன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை ஊருக்குத் தெரியாமல் போனது அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டுக்காரி இன்றுவரை விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.